குளியலறைக்குள் ஒரு ஏலக்காய் ஸ்டோர்

போடியில் நான் முதன்முதலாக வாடகைக்குப் பிடித்த வீட்டில் குளியலறை வீட்டுக்குள்ளேயே இருந்தது. இதை இப்போது சொன்னால் பேரப்பிள்ளைகள் அதில் என்ன இருக்கிறது என்பார்கள். எழுபதுகளின் கடைசியில், எங்கள் தெருக்காரர்கள் எல்லாரும் கொல்லையில் ஓலைத் தட்டிக்குப் பின்னால் நின்று குளித்துக்கொண்டிருந்தபோது, நான் சமையல்கட்டிலிருந்து ஒரு கதவைத் திறந்து, காங்கிரீட் கூரைக்குக் கீழே, சிமெண்டுத் தொட்டியில் தண்ணீரை மொண்டு ஊற்றிக் குளித்தேன். குளித்து முடித்ததும் ஈரத் தலையோடு வாசலுக்கு வந்து கொஞ்ச நேரம் நிற்பேன். உள்ளே குளித்தது நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அந்த மூன்றாம் வகுப்பிலும் பாதி நாள் மலைக்கு ஏறுகிற குரங்கணிப் பாதையில்தான் இருந்தேன். தலைச்சுமை தூக்கினேன், விறகு வெட்டினேன், பிறகு விறகு எரிகிற அடுப்பையே என் பொறுப்பில் விட்டார்கள். அடுப்பு என்றால் சோறு பொங்கும் அடுப்பு இல்லை. ஏலக்காயைக் காய வைக்கிற கட்டடத்தை மலையில் ஸ்டோர் என்போம். வெளியே அடுப்பு எரியும். அதன் சூடு பெரிய தகரக் குழாய் வழியாகக் கட்டடத்துக்குள் சுற்றி வரும். உள்ளே கம்பிவலைத் தட்டுகளில் பச்சைக் காய் பரப்பியிருக்கும். சூடு கூடினால் நிறம் போய்விடும், குறைந்தால் பூசணம் பிடித்துவிடும். நான் சூடு பார்க்கிற கண்ணாடிக் குழலையெல்லாம் நம்பினவன் இல்லை. கதவைத் திறந்து ஒரு மூச்சு இழுத்தால் போதும், காய் எந்த நிலையில் நிற்கிறது என்று சொல்லிவிடுவேன். எஸ்டேட் முதலாளிகள் போட்டி போட்டுக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்கள். நான் யாரிடமும் போகவில்லை. ஒரு ஸ்டோரைக் குத்தகைக்குப் பிடித்து, பச்சைக் காயை வாங்கி, நானே காய வைத்து, போடி ஏலத்துக்குக் கொண்டுவந்தேன். வியாபாரிகள் என் காயை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் என் முகத்தைப் பார்ப்பார்கள். அப்படி ஒரு பச்சை.

ராத்திரி தூங்கும்போதுகூட நான் ஸ்டோரில்தான் நிற்கிறேன் என்று என் வீட்டுக்காரி சொல்வாள். தூக்கத்தில் கையை வீசி யாரையோ வேலை ஏவுவேனாம். உழைக்கிறவன் தூக்கத்திலும் உழைக்கிறான் என்று நான் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன். என்ன சொல்லி ஏவுகிறேன் என்று அவளிடம் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் இதை எழுதும் வேலையே வந்திருக்காது.

வீட்டை வாடகைக்கு விட்டவர் ஒரு பாய். கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தார். நல்ல மனுஷன். என்னை மாப்ளே என்றுதான் கூப்பிடுவார். ஊரில் என்னை மாப்ளே என்று கூப்பிட இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பெண்ணைக் கொடுத்தவர், இன்னொருவர் வீட்டைக் கொடுத்தவர். இரண்டு பேருக்குமே, தாங்கள் கொடுத்ததை நான் சரியாக வைத்துக்கொள்கிறேனா என்று ஒரு கண் உண்டு. பாயின் குடும்பம் எங்கள் வீட்டுக்குப் பின்கட்டில் இருந்தது. எங்கள் குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் வீட்டுப் பெண்கள் புழங்குகிற முற்றம். அந்தச் சுவரில் உயரே ஒரு சின்ன ஜன்னல் இருந்திருக்கிறது. அது முற்றத்தைப் பார்த்து இருந்ததால், நான் குடிவருவதற்கு முன்பே பாய் அதைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருந்தார். நியாயம்தானே. நானாக இருந்தாலும் அடைத்திருப்பேன்.

ஆனிச் சாரலில்தான் அது ஆரம்பித்தது. மலையில் மேகம் இறங்கினால் போடியில் துவைத்த துணி காயாது. தொட்டிக்கு மேலே சுவரில் மிளகு அளவுக்கு ஒரு கருப்புப் புள்ளி. கரித்துண்டு பட்டிருக்கும் என்று நினைத்தேன். அடுத்த வாரம் ஒரு கைப்பிடி மிளகை விசிறி அடித்த மாதிரி இருந்தது. அதற்கடுத்த வாரம் அது ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஆடு மாதிரி ஒரு உருவம் ஆகி, அப்புறம் ஆடு மாடு ஆகி, மாடு கூரையில் ஏறிவிட்டது. மூலையில் பச்சைப் பாசி. சோப்பு டப்பாவுக்கு அடியில் வெள்ளையாகப் பஞ்சு. கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த என் தோல் பெல்ட்டில் சாம்பல் பூத்திருந்தது. நான் ஏலத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற வெள்ளைச் சட்டையை அவசரத்தில் அந்தக் கொடியில் போட்டுவைத்தேன். மறுநாள் ஏல மண்டபத்தில் பக்கத்தில் உட்கார்ந்த வியாபாரி மூக்கை உறிஞ்சிவிட்டு, யாரோ ஈரக் காயைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று சொல்லி, ஒவ்வொரு தட்டாகக் குனிந்து முகர ஆரம்பித்தார். நான் நாற்காலியை மாற்றி உட்கார்ந்தேன்.

என் வீட்டுக்காரி அப்போது மாசமாக இருந்தாள். அந்தச் சுவரைப் பார்த்தாலே குமட்டுகிறது என்றாள். மாசமாக இருந்தால் எதைப் பார்த்தாலும் குமட்டும் என்று நான் சமாதானம் சொன்னேன். ஒரு நாள் அவளே மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு துடைப்பத்தால் தேய்த்துவிட்டு, அன்று முழுக்க இருமினாள். வளைகாப்பு முடிந்து ராசிங்காபுரத்துக்கு அவளைக் கூட்டிப்போக என் மாமனார் வந்தபோது, வண்டியில் ஏறும் முன் என்னிடம் சொன்னாள். சண்டையாகச் சொல்லவில்லை, உப்பு வாங்கி வையுங்கள் என்கிற மாதிரிதான் சொன்னாள்.

"அந்தச் சுவரு இப்படியே இருந்தா நான் பிள்ளையைத் தூக்கிட்டு இந்த வீட்டுக்கு வர மாட்டேங்க."

என் மாமனாரின் காதில் அது விழுந்துவிட்டது. விழுந்ததில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ராசிங்காபுரத்தில் தோட்டம், கிணறு, மாடு கன்று என்று நிறைந்து கிடப்பவர். ஒரே பெண். மலைக்காட்டு வேலை செய்கிறவனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டோமே என்ற குறை அவருக்கு எப்போதும் உண்டு. கிணற்றடியில் ஒரு வீட்டைக் கட்டி, என்னை அதில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று கல்யாணத்தன்றே ஆரம்பித்தவர். யோசித்துப் பாருங்கள். தலைச்சுமை தூக்கிச் சொந்தக் காலில் நின்றவன், மாமனார் வீட்டில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டு வீட்டோட மாப்பிள்ளையாக இருப்பதா? அதுவும் பெண் ஆசைக்கு இல்லை, சொத்து ஆசைக்கு இல்லை, பூசணத்துக்காக?

ஆவணியில் பெண் குழந்தை பிறந்தது. என் மூக்கு, என் நெற்றி. ஆனால் நெஞ்சில் கொஞ்சம் சளி கட்டிக்கொண்டு கீச் கீச்சென்று மூச்சு விட்டது. ஈரம் இல்லாத இடமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொல்லியிருந்தார்கள். நான் பார்க்கப் போனபோது என் மாமனார் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையிடம் பேசுகிற மாதிரி என்னிடம் பேசினார்.

"ஒங்க அப்பன் மலைக் காய் பூராத்தையும் காய வச்சிருவாராம் ஆத்தா. ஒரு சுவத்தைக் காய வைக்கத்தான் முடியலையாம்."

அப்புறம் நேராகவே சொன்னார். மூன்றாம் மாசம், ஐப்பசியில், அவரே கூட்டிக்கொண்டு வருவார். சுவரைக் கையால் தடவிப் பார்ப்பார். கையில் கருப்பு ஒட்டினால் வந்த வண்டியைத் திருப்பிவிடுவார். அதே வண்டியில் நானும் ஏறிக்கொள்ள வேண்டும். சரி என்று சொல்லிவிட்டேன். என் வாய் எப்போதும் காலுக்கு முன்னால் நடக்கும்.

போடிக்குத் திரும்பி வந்த அன்றே வேலையில் இறங்கினேன். தேங்காய் நாரும் சாம்பலும் வைத்துத் தேய்த்தேன். சுவர் வெள்ளையானது, என் கை கருப்பானது, நாலு நாளில் சுவர் மறுபடி கருப்பானது. சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்தேன். அந்த வாரம் முழுக்க அறைக்குள் ஆஸ்பத்திரி மாதிரி வெளிச்சம். அப்புறம் சுண்ணாம்புக்கு உள்ளேயிருந்து புள்ளி புள்ளியாக எட்டிப் பார்த்தது, அம்மை வார்த்த மாதிரி. பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றியதில் கண் எரிந்து ஒரு நாள் ஏலத்துக்கே போக முடியவில்லை. மண்ணெண்ணெய் பூசிப் பாருங்கள் என்று பக்கத்துப் போர்ஷன் அம்மா சொன்னார்கள். பூசினேன். பூசணத்துக்கு அது எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரி ஆகிவிட்டது. மினுமினுவென்று வளர்ந்தது.

பாயிடம் சொன்னேன். அவர் வந்து, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாசற்படியில் நின்றே பார்த்தார்.

"இது பூசணம் இல்ல மாப்ளே. கட்டடம் குளுமையா இருக்குன்னு அர்த்தம். வெயில் காலத்துல பாருங்க, இந்த ரூம்பை விட்டு வெளிய வர மாட்டீக."

வெயில் காலத்தில் நான் கிணற்றடியில் தவிடு கலக்கிக்கொண்டிருப்பேன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

புரட்டாசியில் மலையில் காய் எடுப்பு மும்முரமாகிவிட்டது. ஸ்டோரில் இரண்டு அடுப்பும் அணையாமல் எரிந்தன. வெளியே மழை கொட்ட, உள்ளே பச்சைக் காய் கலகலவென்று காய்ந்துகொண்டிருந்தது. காயைக் கையில் அள்ளிக் குலுக்கிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் எனக்குத் தோன்றியது. இவ்வளவு மழையில் இவ்வளவு ஈரக் காயைக் காய வைக்கிற கைக்கு, பத்துக் கை அகலச் சுவர் ஒரு பொருட்டா? தேய்ப்பதும் பூசுவதும் சம்சாரிகள் வேலை. நான் ஸ்டோர்க்காரன். சுவரையும் காயாக நினைத்துவிட்டால் தீர்ந்தது.

பழைய தகரக் குழாய்கள் ஸ்டோருக்குப் பின்னால் கிடந்தன. ஓட்டை இல்லாததாகப் பார்த்துப் பொறுக்கி, ஏலக்காய் லோடு இறங்குகிற ஜீப்பிலேயே போட்டுக்கொண்டு குரங்கணி வழியாக இறக்கினேன். வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு தார் டின்னை அடுப்பாக மாற்றினேன். குளியலறைச் சுவரில் கீழே ஒரு ஓட்டை, மேலே ஒரு ஓட்டை. கீழே நுழைகிற குழாய் முழங்கால் உயரத்தில் அறையைச் சுற்றி வந்து, மேலே வெளியேறி, கூரையைத் தாண்டிப் புகையைக் கக்கும். ஓட்டை போடுவதற்குப் பாய் எளிதில் சம்மதிக்கவில்லை. வீட்டுக்கு மலைக்காய் வாசம் ஏறும், குடி வருகிறவர்கள் போட்டி போடுவார்கள், ஊரிலேயே சூடான குளியலறை இதுதான் என்று எடுத்துச் சொன்னேன். கடைசியாகச் சொன்னது அவருக்குப் பிடித்துவிட்டது. எந்த முதலாளிக்கும் தன் கட்டடத்தைப் பற்றி ஒரு பெருமை தேவைப்படுகிறது.

அடுப்பை மூட்டிய அன்று தெருவே வந்து நின்றது. மலை விறகு, நல்ல காய்ந்த விறகு. குழாய் கணகணவென்று ஏறியது. கதவை இறுக்கிச் சாத்திவிட்டேன். ஸ்டோரில் முதலில் அப்படித்தான் செய்வோம். காய் வேர்க்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து மூச்சு இழுத்தேன். சுவர் வேர்த்துக்கொண்டிருந்தது. முத்து முத்தாக. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கூடி நின்றவர்களைப் பார்த்து, ஈரம் வெளியே வந்துவிட்டது, இனி எல்லாம் என் கையில் என்றேன். மறுபடி சாத்தினேன். நாலு நாள் விடாமல் எரித்தேன்.

நாலாம் நாள் திறந்து பார்த்தால், இப்படி ஒரு விளைச்சலை நான் எந்த எஸ்டேட்டிலும் பார்த்ததில்லை. கருப்பு இருந்த இடத்திலெல்லாம் அப்படியே இருந்தது. அதற்கு மேலே வெள்ளையாக ரோமம். மூலைப் பாசி கரும்பச்சையில் பட்டு மாதிரி விரிந்திருந்தது. கதவுச் சட்டத்துக்கு அடியில் இரண்டு காளான், குடையை விரித்து, என் வீட்டில் எனக்கு முன்பே குடிவந்தவை மாதிரி நின்றன. கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். ஈரத்துக்கு இதுவரை குளிர்தான் இருந்தது. நான் அதற்குக் கதகதப்பும் கொடுத்துவிட்டேன்.

விறகு போதவில்லை என்று முடிவு கட்டி இன்னும் எரித்தேன்.

தெருவில் எங்கள் குளியலறைக்கு ஸ்டோர் என்றே பெயர் வந்துவிட்டது. பக்கத்துப் போர்ஷன் அம்மா, இட்லிக்கு மாவு புளிக்கவில்லை, உங்கள் ஸ்டோரில் கொஞ்சம் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு வந்தார்கள். மறுக்க முடியுமா? வைத்தார்கள். மாவு பொங்கிச் சட்டியைத் தாண்டி வழிந்தது. அந்தத் தெருவில் அந்த மழைக்கு நல்ல இட்லி சாப்பிட்டவர்கள் எல்லாரும் என்னை வாழ்த்தினார்கள். குளிப்பதற்கு மட்டும் நான் கொல்லைக்குப் போனேன். ஓலைத் தட்டிக்குப் பின்னால்.

இந்த நேரம் பார்த்து என் மாமனார் வந்துவிட்டார். சொன்ன நாளுக்கு இல்லை. மாட்டுக்குப் பிண்ணாக்கு வாங்கப் போடிச் சந்தைக்கு வந்தவர், வந்ததுதான் வந்தோம் என்று ஒரு எட்டு எட்டிப் பார்க்க வந்தார். கால் கழுவ வேண்டும் என்று நான் தடுப்பதற்குள் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டார். ஆவிக்குள் ஆள் மறைந்தார். நான் வெளியே நின்றேன்.  கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தார். வெள்ளைத் துண்டின் தோளில் கூரையிலிருந்து விழுந்த கருப்புச் சொட்டு, மை தெளித்த மாதிரி. துண்டை எடுத்துப் பார்த்தார். காளானைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மாப்ளே, வெள்ளாமை நல்லாத்தான் இருக்கு. அறுப்பு எப்ப?"

காப்பி குடித்துவிட்டு, கிணற்றடி வீட்டுக்கு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட ஆள் சொல்லியிருக்கிறேன் என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போனார். ஐப்பசி பிறக்க அதிக நாள் இல்லை.

 மறுநாள் காலை பஸ்சைப் பிடித்து ராசிங்காபுரம் போனேன். மாமனார் தோட்டத்துக்குப் போயிருந்தார். என் வீட்டுக்காரி குழந்தைக்குக் கால் நீட்டி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் மூச்சு முன்னைக்கு இப்போது தெளிவாக இருந்தது. அந்த ஊர்க் காற்று அப்படி. அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. இந்த மூச்சைக் கொண்டுபோய் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் வைக்க நானே சம்மதிக்க மாட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், அடுப்பு, விறகு. என் வேலையில் ஒரு குறையும் இல்லை, சுவர்தான் சரியில்லை என்றேன். அவள் குழந்தையைத் திருப்பிப் போட்டு முதுகில் எண்ணெய் தடவினாள்.

"மேல ஜன்னலைத் திறந்தீகளா?"

"என்ன ஜன்னல்?"

"தெனமும் தூக்கத்துல கத்துவீகளே. மேல ஜன்னலைத் திறங்கடா, ஆவி போகட்டும், காய் வெந்துரும்டான்னு. என்னைய எத்தனை தடவை எழுப்பி விட்டிருக்கீக. நான் எந்திரிச்சுப் போயி அடுப்படி ஜன்னலைத் திறந்துட்டு வந்து படுத்திருக்கேன்."

 பச்சைக் காய் வேர்த்த பிறகு மேல் ஜன்னல்களைத் திறந்து ஆவியை விட வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் மேலே போய், கூரையில் முட்டி, திரும்பக் காய் மேலேயே சொட்டும். இது எனக்குத் தெரியாதா? இந்த மலையில் அதை எனக்கு மேல் தெரிந்தவன் யார்? தூங்கும்போதே தெரிந்திருக்கிறது. முழித்திருக்கும்போது, ஜன்னல் இல்லாத அறைக்கு ஜன்னலைப் பற்றி யோசிக்க வரவில்லை. அதைப் பாய் அடைத்ததும் நியாயம் என்று விட்டுவிட்டேன். என் வித்தையை இவள் காதால் கேட்டே கற்றுக்கொண்டிருக்கிறாள். கற்றுக்கொடுத்தவன் தூங்கிக்கொண்டே கற்றுக்கொடுத்திருக்கிறான். இப்படி ஒரு வாத்தியார் எந்தப் பள்ளிக்கூடத்தில் உண்டு?

பாய் அதைத் திறக்க விட மாட்டார், அந்தப் பக்கம் பெண்கள் முற்றம் என்றேன். அவள் சிரித்தாள். பாயிடம் யார் கேட்கச் சொன்னார்கள், அக்காவிடம் கேளுங்கள் என்றாள். அக்கா என்றது பாயின் மனைவியை. மசக்கையில் இவள் எதுவும் சாப்பிடாமல் கிடந்தபோது அந்த அம்மாதான் தினமும் ஒரு கிண்ணத்தில் புளிக் குழம்பு கொடுத்தனுப்பினார்கள். குழந்தையைப் பார்க்க அந்த அக்காவுக்கு ஆசை, சுவர் காயாவிட்டால் குழந்தை வராது என்று மட்டும் சொல்லுங்கள், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றாள்.

ஆனாலும் நான் வெறுங்கையோடு போய்க் கேட்கிற ஆள் இல்லை. மலையில் எங்கள் ஸ்டோரின் மேல் ஜன்னல்களில் மழை அடிக்காமல் இருக்கச் சாய்வாகப் பலகை அடித்திருப்போம். ஒன்றன்மேல் ஒன்றாக, இடைவெளி விட்டு. ஆவி போகும், சாரல் வராது. சாரல் வராத வழியில் கண்ணும் வராதுதானே? பழைய டீப்பெட்டிப் பலகையை வைத்து நானே ஒரு சட்டம் செய்தேன். உள்ளேயிருந்து பார்த்தால் மேலே வானம் மட்டும் தெரிகிற மாதிரி சாய்வு கொடுத்தேன். அதைத் தூக்கிக்கொண்டு பின்கட்டு வாசலில் நின்று, கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தபடியே, குழந்தை சங்கதியைச் சொன்னேன். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கடையிலிருந்து அவரை வரச் சொல்லுங்கள் என்று குரல் வந்தது.

பாய் வந்தார். உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து, கையில் கடப்பாரையோடு வெளியே வந்தார். என்ன பேச்சு நடந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. செங்கல்லை அவரே பெயர்த்தார். நான் சட்டத்தைப் பொருத்தினேன். ஆனால் பொருத்தியதோடு விட்டுவிட அவருக்கு மனசு வரவில்லை. சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார். குளியலறைக்குள் முக்காலி போட்டு அவரே ஏறி நின்று, பலகை இடுக்கில் ஒரு கண்ணை வைத்தார். முற்றத்தில் அவர் மனைவி நின்றார்கள்.

"என் கையில என்ன இருக்கு, சொல்லுங்க பாப்போம்" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

பாய் கழுத்தை வளைத்தார், குதிகாலைத் தூக்கினார், இன்னொரு கண்ணை வைத்துப் பார்த்தார்.

"கரண்டியா?"

"கத்தரிக்கா."

"சரியாத் தூக்கிப் பிடி."

"தலைக்கு மேல தூக்கித்தான் பிடிச்சிருக்கேன். இன்னும் எங்க தூக்க?"

பாய் முக்காலியிலிருந்து இறங்கினார். முகத்தில் பெரிய நிம்மதி. வானமும் ஒரு காக்காயும்தான் தெரிகிறது, காக்காய் பார்த்தால் பரவாயில்லை என்றார். அப்புறம், கட்டடம் கட்டும்போதே இப்படி ஒரு சட்டம் வைக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன் என்றார். நான் மறுக்கவில்லை. பெருமையில் ஒரு பங்கு கொடுத்தால் ஓட்டை நிலைக்கும்.

அடுத்த நாள் அடுப்பை மூட்டினேன். சுவர் வேர்த்தது. அதுவரை பலகை இடுக்கை அடைத்து வைத்திருந்த சாக்கை உருவிவிட்டேன். ஆவி, பால் பொங்குகிற மாதிரி, புஸ்ஸென்று முற்றத்தின் மேலே எழுந்து போனது. பின்கட்டில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன், காய்க்குக் குறைக்கிற அதே பக்குவத்தில். ஐந்தாறு நாளில் பாசி காய்ந்து, பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. காளான் சுருங்கி ஆணி மாதிரி ஆனது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, சந்து அடுப்பிலேயே போட்டு எரித்தேன். புதுச் சுண்ணாம்பு அடித்தேன். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்த ஏலக்காயைக் குலுக்கினால் ஒரு சத்தம் வரும். சுவரும் அப்படித்தான் பேசியது. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், எனக்குக் கேட்டது.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு ஐப்பசி நாளில் மாட்டு வண்டி வந்தது. என் வீட்டுக்காரி குழந்தையை மூடிப் பிடித்துக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். இறங்கவில்லை. என் மாமனார் மட்டும் இறங்கினார். புதுத் துண்டு போட்டிருந்தார். நேராகக் குளியலறைக்குப் போனார். சந்தில் நான் காலையிலேயே அடுப்பைச் சின்னதாக மூட்டி, தொட்டிக்குப் பக்கத்தில் போகிற குழாயின் மேல் ஒரு அண்டாவில் தண்ணீரும் வைத்திருந்தேன். பாயும் பக்கத்துப் போர்ஷன் அம்மாவும் வாசலில் நின்றார்கள்.

மாமனார் சுவரைத் தடவினார். தொட்டிக்கு மேலே, மூலையில், கதவுக்குப் பின்னால். எட்டாத இடத்துக்கு முக்காலியைக் கேட்டு வாங்கி ஏறித் தடவினார். உள்ளங்கையைப் பார்த்தார். வெள்ளையாகச் சுண்ணாம்புத் தூள். வேட்டியில் துடைத்துவிட்டு இன்னொரு தடவை தடவினார். முகர்ந்து பார்த்தார்.

"சுண்ணாம்பு அடிச்சு மறைச்சிருக்கீக" என்றார்.

மறைத்திருந்தால் நாலு நாளில் தெரிந்துவிடும், இருந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றேன். வாய்தான், மறுபடியும். அவர் யோசித்தார். அதற்குள் அண்டாத் தண்ணீரில் கையை வைத்துப் பார்த்துவிட்டார். அந்தக் கையை அவர் வெளியே எடுக்கவில்லை.

"வெந்நி தானாவே இருக்கா?"

"தானா இல்ல மாமா. மருமகன் வச்சது."

குளித்துவிட்டு வருகிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டார். ராசிங்காபுரத்தில் மழையிலும் பனியிலும் கிணற்றுத் தண்ணீரில் குளித்தே வயசானவர். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. முனகலாக ஒரு பாட்டுகூட வந்தது. வெளியே மழையில் வண்டிக்காரர், திருப்புவதா அவிழ்ப்பதா என்று கேட்டுக்கொண்டு நின்றார். என் வீட்டுக்காரி வண்டியிலிருந்தே கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். அப்புறம் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, மாட்டை அவிழ்க்கச் சொல்லிக்கொண்டே இறங்கினாள். பாயின் மனைவி பின்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு குழந்தைக்காகக் கையை நீட்டியபடி வந்தார்கள்.

நாலு நாள் பார்க்கிறேன் என்று தங்கிய என் மாமனார் கார்த்திகை தீபம் வரைக்கும் எங்கள் வீட்டில்தான் இருந்தார். காலையில் ஒரு குளியல், சாயங்காலம் ஒரு குளியல். ஒவ்வொரு தடவையும் சுவரைத் தடவிப் பார்க்கத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார். கிணற்றடி வீட்டுக்குத் தோண்டின வானத்தில் மழைத் தண்ணீர் நிற்கிறது என்று ஊரிலிருந்து ஆள் வந்து சொன்னபோதும் அவர் உள்ளேதான் இருந்தார். வந்தவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, என் வீட்டுக்காரி குழாயின் மேல் வரிசையாகக் காயப்போட்டிருந்த குழந்தைத் துணிகளை எடுக்கக் கதவைத் தட்டினாள்.

"வெரசா வாங்கப்பா, துணி காஞ்சிருச்சு."

"இன்னும் ரெண்டு சொம்புதான் ஆத்தா" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.